புது லேப்டாப் வாங்கிய கையோடு ஆண்டிவைரஸும் வாங்கிவிடாதீர்கள்

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இதையே கேட்டுவிட்டார்கள். "வெளிநாட்டுக்கு வந்து இறங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, லேப்டாப் வாங்கியாச்சு, எந்த ஆண்டிவைரஸ் நல்லது?" ஆளுக்கொரு பதில் எழுதிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். நான் இந்தத் துறையில் வேலை பார்ப்பவன் இல்லை. வந்த புதிதில் இந்த விஷயத்தில் காசை விட்டவன், அந்தத் தகுதி மட்டும் உண்டு.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. தனியாக இறக்க வேண்டாம், பணம் கட்டவும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு; பலருக்கு அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட் என்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. வைரஸைப் பிடிக்கும் திறன், கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது, நல்ல ஃபைலைத் தவறாக வைரஸ் என்று சொல்கிறதா என்று மூன்று வகையில் பார்த்து, வகைக்கு 6 வீதம் 18 மதிப்பெண்ணுக்குப் போடுவார்கள். டிஃபெண்டர் அங்கே முழு 18ஐயும் பலமுறை வாங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பெரிய பெயர்களும் அதே 18தான் வாங்குகின்றன. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற சோதனைக்கூடத்தின் முடிவுகளும் இலவசமாகவே கிடைக்கும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் இந்த இரண்டையும் பாருங்கள். 'சிறந்த 10 ஆண்டிவைரஸ்' வீடியோக்கள் வேண்டாம். அங்கே கொடுக்கும் இணைப்பு வழியாக வாங்கினால் வீடியோ போட்டவருக்கு கமிஷன் போவது வழக்கம்.

சரி, புது லேப்டாப்பில் முதலில் என்ன செய்வது? பெரும்பாலும் வேறொரு ஆண்டிவைரஸின் இலவச சோதனைப் பதிப்பை ஏற்றியே விற்கிறார்கள். அது ஓடும்வரை டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சோதனைக் காலம் முடிந்ததும் 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று நச்சரிப்பு தொடங்கும். பணம் கட்டும் எண்ணம் இல்லையென்றால் முதல் நாளே அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், டிஃபெண்டர் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இப்போது காவலில் இருப்பது எது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

நான் காசை விட்டது இங்கேதான். அந்த நச்சரிப்புக்குப் பயந்து கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டேன். முதல் வருடம் தள்ளுபடி விலை. ஆட்டோ ரெனியூவல், அதாவது தானாகவே புதுப்பித்துப் பணம் எடுப்பது, என்ற குட்டிப் பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் அந்த லேப்டாப்பையே நான் மாற்றிவிட்டிருந்தேன், அதுதான் கொடுமை. சாட்டில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பாதிப் பணம் திரும்பக் கிடைத்தது. வாங்குபவர்கள் வாங்கிய அன்றே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மீதி நாட்களுக்கு ஆண்டிவைரஸ் வேலை செய்யத்தான் செய்யும்.

பழைய லேப்டாப்பை லைசென்ஸோடு கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சில நிறுவனங்களின் ஆக்டிவேஷன் கோடு வாங்கிய பிராந்தியத்தில் மட்டும்தான் செல்லும். அதிலும் காஸ்பர்ஸ்கி ஆண்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் அமெரிக்கா போயிருந்தால் கவனம்: 2024இல் அங்கே அதன் விற்பனைக்குத் தடை வந்தது, அந்த வருடம் செப்டம்பர் 29க்குப் பிறகு அப்டேட்டும் நிறுத்தப்பட்டது. அப்டேட் வராத ஆண்டிவைரஸ் பூட்டு இல்லாத கதவு மாதிரி, நீக்கிவிடுங்கள். இலவசம் என்பதற்காக எதையாவது போடுவதும் வேண்டாம். இலவச ஆண்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் பயனர்கள் எந்தெந்த தளத்துக்குப் போனார்கள் என்ற தகவலை விற்ற விவகாரத்தில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. அதுவும் 2024தான்.

பாதுகாப்புக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இரண்டு ஆண்டிவைரஸ் போடுகிறவர்களும் உண்டு. ஒன்று இன்னொன்றைச் சந்தேகப்பட்டு இரண்டும் சேர்ந்து கணினியைப் படுக்க வைக்கும். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் நீங்களாக எதையும் போடாதீர்கள். மேக் வைத்திருந்தால் எக்ஸ்புரொடெக்ட் என்ற பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது, தைரியமாக இருங்கள்.

எனக்குத் தெரிந்து புதிதாக வந்தவர்கள் ஏமாந்தது ஆண்டிவைரஸ் இல்லாததால் இல்லை. பிரவுசரில் சைரன் சத்தத்தோடு முழுத்திரையில் ஒரு எச்சரிக்கை வரும், கூடவே 'மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்' என்று ஒரு ஃபோன் நம்பர். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் ஃபோன் நம்பரே இருக்காது. கூப்பிட்டால், தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி ஒன்றை நிறுவச் சொல்லி, நம் கண் முன்னாலேயே வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பார்கள். அந்த நம்பரைத் தொடாமல் பிரவுசரை மூடிவிடுங்கள், மூடவில்லையென்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அடுத்த வகை, திரையின் மூலையில் வந்துகொண்டே இருக்கும் 'உங்கள் ஆண்டிவைரஸ் காலாவதி' அறிவிப்பு. பெரும்பாலும் அது வைரஸே இல்லை. எப்போதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள், பிரவுசர் செட்டிங்ஸில் போய் அதை எடுத்துவிட்டால் நின்றுவிடும்.

க்ராக் செய்த, அதாவது பணம் கட்டாமல் ஓட வைக்கும் திருட்டு, ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான். அதை நிறுவும்போது 'ஆண்டிவைரஸை கொஞ்ச நேரம் அணைத்து வை' என்று சொல்வார்கள். அணைத்தபின் எந்த ஆண்டிவைரஸ் இருந்து என்ன, இல்லாமல் என்ன? பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் நிரல்கள் அந்த வழியாகவும் நுழைகின்றன.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே அடைப்பு கொடுத்திருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, முடிந்தால் 11க்கு மாறுங்கள். அப்புறம் பாஸ்போர்ட், விசா, சான்றிதழ் ஸ்கேன்களை ஒரு வெளி டிரைவிலும் போட்டு வையுங்கள். போட்டதும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். ரான்சம்வேர் வந்தால் இணைந்திருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும்.

பிறகு சேர்த்தது: "ஏற்கெனவே அந்த நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டேன், என்ன செய்வது?" என்று ஒருவர் தனியாகக் கேட்டார். முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். கார்டின் பின்னால் இருக்கும் நம்பரில் வங்கியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சல் பாஸ்வேர்டு முதலில். அவர்கள் நிறுவ வைத்ததை நீக்கிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடவிடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் போல ஓடும். அதற்கப்புறமும் மனசு சமாதானம் ஆகவில்லையென்றால் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை ரீசெட் செய்துவிடுங்கள். நானாக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் செய்வேன்.