லாகின் ஆனவர் எதையெல்லாம் பார்க்கலாம்? அனுமதிச் சோதனையில் கண்ட ஓட்டைகள்

பேக்எண்ட் பித்தன்:
கோட் ரிவ்யூவில் (மற்றவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது) திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறு இது. 'லாகின் ஆகியிருக்கிறாரா' என்று பார்த்திருப்பார்கள், 'இந்த ரெக்கார்டு அவருடையதா' என்று பார்த்திருக்க மாட்டார்கள். முகவரியில் 1041-ஐ 1042 ஆக்கினால் அடுத்தவர் பில் வந்துவிடும். 2019-ல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் வெளிவந்த ஓட்டையும் இந்த ரகம்தான். லிங்கில் எண்ணை மாற்றினாலே வேறொருவரின் வீட்டுக்கடன் ஆவணம் திறந்தது, அங்கே லாகின்கூடக் கேட்கவில்லை. சுமார் 88.5 கோடி கோப்புகள்!

ரெக்கார்டை எடுத்துவிட்டு அப்புறம் 'இஃப்' போட்டுச் சோதிக்காதீர்கள். அடுத்து ஒருவர் எழுதும் பிடிஎஃப் டவுன்லோடு பங்ஷனில் அந்த 'இஃப்' விடுபட்டுப்போகும். குவெரியிலேயே (டேட்டாபேஸுக்கு அனுப்பும் தேடல் கட்டளையிலேயே) பில் ஐடியோடு உரிமையாளர் ஐடியையும் சேர்த்துத் தேடுங்கள். அந்த உரிமையாளர் ஐடியை செஷனிலிருந்து (லாகின் ஆனவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவிலிருந்து) மட்டுமே எடுக்க வேண்டும். ரிக்வெஸ்டில் (பயனர் அனுப்பும் கோரிக்கையில்) வருவதை நம்பக்கூடாது. ரெக்கார்டு கிடைக்காவிட்டால் 404 ('அப்படி எதுவும் இல்லை') அனுப்புங்கள். 403 ('அனுமதி இல்லை') அனுப்பினால் அப்படி ஒரு பில் இருப்பது வெளியே தெரிந்துவிடும்.

'யூயூஐடி போட்டுவிட்டோம், போதும்' என்பவர்களுக்கு: வரிசை எண்ணுக்குப் பதிலாக வைக்கும் அந்த நீண்ட ஐடி, ஊகிப்பதைத்தான் தடுக்கும். லிங்க் ஃபார்வர்டு ஆகும், சர்வரின் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) பதியும், பிரவுசர் ஹிஸ்டரியில் கிடக்கும். அனுமதிச் சோதனைக்கு அது மாற்றே இல்லை.

கதவுக்காவல்:
மேலே சொன்னதோடு ஒன்று. சோதனை முழுவதையும் மிடில்வேரில் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் உள்ளே போகும் முன் ஓடும் பொதுவான கோடில்) மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 2025 மார்ச்சில் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கின் ஓட்டை (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2025-29927) நினைவிருக்கும். ஃபிரேம்வொர்க் தன் உள்வேலைக்கு வைத்திருந்த ஒரு ஹெடரை (ரிக்வெஸ்டோடு வரும் குறிப்பை) வெளியிலிருந்து அனுப்பினாலே மிடில்வேர் ஓடாமல் ரிக்வெஸ்ட் உள்ளே போய்விட்டது. 14.2.25, 15.2.3 பதிப்புகளில் சரிசெய்தார்கள். டேட்டாவை எடுக்கும் இடத்திலும் சோதித்திருந்த தளங்களில் அந்த ஓட்டையால் டேட்டா கசிய வழியில்லை.

படிவம் பார்ப்பவர்:
படிக்கும் அனுமதியைப் பற்றியே பேசுகிறோம், எழுதும் அனுமதியை மறக்கிறோம். 2012-ல் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவர், எஸ்எஸ்ஹெச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதில் அடையாளம் காட்டும் டிஜிட்டல் சாவி) சேர்க்கும் படிவத்தில் யூசர் ஐடியை மாற்றி அனுப்பி, ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க் திட்டத்தின் கணக்கில் தன் சாவியைச் சேர்த்துவிட்டார். வந்த ஃபீல்டுகளை எல்லாம் அப்படியே மாடலில் (டேட்டாபேஸ் ரெக்கார்டைக் கையாளும் கோடில்) கொட்டியதுதான் காரணம். ஏற்கும் ஃபீல்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்; ரோல், உரிமையாளர் ஐடி, பேலன்ஸ் எதுவும் அதில் வரக்கூடாது.

டோக்கனில் (லாகின் ஆனதும் கொடுக்கும் டிஜிட்டல் அனுமதிச்சீட்டில்) ரோலை வைப்பவர்களும் கவனிக்க வேண்டும். 24 மணி நேரம் செல்லும் ஜேடபிள்யூடி (அப்படிப்பட்ட ஒரு வகை டோக்கன்) கொடுத்தால், காலையில் அட்மின் பதவி பறிக்கப்பட்டவர் மறுநாள் வரை அட்மின்தான். ஆயுளை 15 நிமிடமாகக் குறையுங்கள். பணம், நீக்கம், ரோல் மாற்றம் மூன்றுக்கும் அந்த நேரத்தில் டேட்டாபேஸையே கேளுங்கள்.

டெஸ்ட் மேசை:
இதையெல்லாம் பிடிக்க எளிய வழி: சம உரிமையுள்ள இரண்டு கணக்குகள். முதல் கணக்கில் ரெக்கார்டு உருவாக்கி, அதன் ஐடியை இரண்டாவது கணக்கின் டோக்கனோடு எல்லா ஏபிஐக்கும் (சர்வரிடம் டேட்டா கேட்கும், மாற்றும் வழிகளுக்கும்) அனுப்புங்கள். பிறகு டோக்கனே இல்லாமல் ஒரு சுற்று. கெட் (படிக்கும் ரிக்வெஸ்ட்) தடுக்கப்பட்டது என்று நின்றுவிடாதீர்கள்; மாற்றும் புட், பேட்ச், நீக்கும் டெலீட் மூன்றும் தனித்தனி பங்ஷன்கள், ஒன்றில் இருக்கும் சோதனை மற்றதில் இருக்காது. அதிகம் சிக்குவது எக்ஸ்போர்ட், தேடல், பழைய வி1 (முதல் பதிப்பு) ஏபிஐ. ஸ்கிரீனில் பட்டனை மறைத்திருப்பதை இந்தச் சோதனையில் கணக்கிலேயே எடுக்காதீர்கள். புதிய ரூட் (ஏபிஐ முகவரி) சேர்த்து அனுமதி விதி எழுதாவிட்டால் பில்டு தோற்கும்படி சிஐயில் (கோடைத் தானாகச் சோதித்துப் பில்டு செய்யும் அமைப்பில்) வைத்துவிடுங்கள்.