220-ல் வயதைக் கழிக்க மூன்று வருஷப் படிப்பா?

கணுக்கால்:
நேற்று வேறொரு இழையில் விசில்மாஸ்டர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன். அவர் சொன்னது இது: “விளையாட்டு அறிவியல் என்று பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்து படிக்கிறார்கள். கடைசியில் தெரிந்துகொண்டு வருவது, 220-ல் வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு என்பது மட்டும்தான். அதை என் கைக்கடிகாரமே சொல்லிவிடும்.”

ஐயா, அந்தப் படிப்பைப் படித்தவன் நான். 220 கணக்கை எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித்தந்தார்கள், ஆனால் நம்பக்கூடாத சூத்திரத்துக்கு உதாரணமாக. யாரும் ஆட்களை ஓடவிட்டு அளந்து கண்டுபிடித்ததே இல்லை அது. 1971-ல் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், மற்றவர்கள் வெளியிட்டிருந்த அளவுகளைப் புள்ளி வைத்துக் குத்துமதிப்பாக ஒரு கோடு இழுத்தார்கள். 2002-ல் ராபெர்க்ஸ், லாண்ட்வேர் என்று இருவர் இதன் மூலத்தைத் தேடிப்போய், அடியில் சொந்த ஆய்வு எதுவும் இல்லை என்று எழுதினார்கள். 2001-ல் தனாகா குழு 351 ஆய்வுகளை, மொத்தம் 18,712 பேரைத் திரட்டிப் பார்த்துக் கொடுத்தது வேறு: 208-லிருந்து வயதில் 0.7 பங்கைக் கழிக்க வேண்டும். உங்கள் கடிகாரம் இதைச் சொல்லுமா?

விசில்மாஸ்டர்:
தம்பி, 22 வருஷமாக ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்கு வயது 58. என் கணக்கில் 162 வருகிறது. உங்கள் கணக்கைப் போட்டால் 167 சொச்சம். ஐந்து துடிப்பு. இந்த ஐந்து துடிப்புக்கா மூன்று வருஷம், கட்டணம், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம்?

எண்கணக்கன்:
நான் மெக்கானிக்கல்காரன், எனக்கு இதயம் எங்கே இருக்கிறது என்று உத்தேசமாகத்தான் தெரியும். ஆனால் கழித்தல் தெரியும். 40 வயதுக்காரனுக்குப் போடுங்கள். 220-ல் 40 போனால் 180. 208-ல் 28 போனால் 180. 18,712 பேரைத் திரட்டிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். வாழ்த்துகள்.

சோம்பேறிச்சிங்கம்:
எனக்குச் சரியாக 40. இரண்டு மாடி ஏறினாலே 180 வந்துவிடும். ஆகவே இரண்டு சூத்திரமும் சரி.

கணுக்கால்:
மெக்கானிக்கல்காரருக்கு வணக்கம். சாய்வு வேறான இரண்டு நேர்கோடுகள் எங்காவது ஓர் இடத்தில் வெட்டிக்கொள்ளத்தானே செய்யும்? அந்த ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து நின்றுகொண்டு, இரண்டு கோடும் ஒன்று என்கிறீர்கள். 20 வயதில் 200-க்கு 194. 70 வயதில் 150-க்கு 159. இப்போது சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமானது, விசில்மாஸ்டர் பிடித்துத் தொங்கும் ஐந்து துடிப்பே இல்லை. எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் உண்மையான ஆட்கள் அந்தக் கோட்டைச் சுற்றி 10, 12 துடிப்பு சிதறிக் கிடப்பார்கள். மூன்றில் ஒருவர் அதற்கும் வெளியே. ஆகவே ஒருவருடைய உச்சத் துடிப்பு வேண்டுமென்றால் அவரை ஓடவைத்து அளக்க வேண்டும். அது எப்படி என்று சொல்கிறேன். சோதனைக்கு முன்பு வாயு அளக்கும் கருவியை, அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் மூன்று லிட்டர் பம்பை ஒரே சீராகத் தள்ளி இழுத்துக் காற்றோட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஆளுக்கு முகமூடி மாட்டி, மூக்கோரம் காற்று கசிகிறதா என்று உள்ளங்கையால் பொத்திப் பார்க்க வேண்டும். டிரெட்மில் ஓடத் தொடங்கியதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமோ சரிவோ ஏறும். பத்தாவது நிமிடத்தில் முகமூடிக்கடியில் எச்சில் நூலாகத் தொங்கும், அவர் தலையை ஆட்டுவார், கையைக் காட்டுவார், நீங்கள் “இன்னும் ஒரு நிமிஷம்” என்று கத்திக்கொண்டே திரையைப் பார்ப்பீர்கள். வெளிவரும் கரியமில வாயு, உள்ளே எடுக்கும் ஆக்சிஜனைவிட 1.1 மடங்கைத் தாண்டுகிறதா? வேகம் கூடியும் ஆக்சிஜன் கூடாமல் நிற்கிறதா? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் உச்சம் என்று எழுதுவோம். இறுதியாண்டு ஆய்வில் அந்தச் சிலிண்டர் வேலையை ஒரு நாள் காலை அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆறு பேர் உயிரைக் கொடுத்து ஓடிய கணக்கு முழுக்கக் குப்பைக்குப் போனது. அவர்களிடம் போய் மறுபடி ஓடுங்கள் என்று கேட்ட அன்றைக்குப் படித்ததுதான் என் படிப்பு.

விசில்மாஸ்டர்:
இவ்வளவும் செய்த பிறகும் வித்தியாசம் ஐந்து துடிப்புதானே?

புதுமுகம்:
அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இந்தப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வேதியியலில் நான் கொஞ்சம் சுமார். புள்ளியியல் நிறைய வருமா? முடித்தால் வேலை எப்படி? யாராவது சொல்லுங்கள்.

எண்கணக்கன்:
ஆறு பேரின் கணக்கை ஒரே காலையில் குப்பையில் போட்டவர் நமக்குத் துல்லியம் பற்றி வகுப்பெடுக்கிறார். பாலம் கட்டும் துறையில் இப்படி நடந்தால் செய்தித்தாளில் படம் வரும்.

கணுக்கால்:
தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் பழக்கமும் அந்தப் படிப்பு கொடுத்ததுதான். போன மாதம் சைக்கிள் சீட் உயர இழையில் முழங்கால் கோணத்தைத் தலைகீழாக எழுதிவிட்டு, யாரோ காட்டியதும் பதிவையே அழித்துவிட்டு ஓடியது யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

எண்கணக்கன்:
அழிக்கவில்லை, திருத்தினேன்.

முட்டிவைத்தியர்:
பிசியோதெரபிஸ்டாக ஒன்று சொல்லலாமா? 220-ஓ 208-ஓ எனக்குக் கவலையில்லை. விளையாட்டு அறிவியல் முடித்த சிலர் அடிபட்ட முட்டியில் கை வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நலமாக இருப்பவனை வேகமாக ஓடவைப்பது உங்கள் வேலை. ஓடமுடியாதவனை நடக்கவைப்பது எங்கள் வேலை. போன வாரம் ஒரு பையன் வந்தான், கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. யாரோ ஒரு பட்டதாரி, “இயக்கம்தான் மருந்து” என்று நாலு நாள் கயிறு தாண்டவைத்திருக்கிறார்.

விசில்மாஸ்டர்:
அப்படிக் கேளுங்கள் மேடம்! என் மைதானத்துக்கும் ஒருவர் வந்தார். கையில் லேப்டாப், கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளைகளை 20 மீட்டர் பீப் சோதனை ஓடவிட்டார், பீப் சத்தத்துக்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓட வேண்டும், கட்டத்துக்குக் கட்டம் வேகம் கூடும். ஒரு பெண் ஏழாவது கட்டத்தில் நின்றுவிட்டாள், “தகுதி போதாது” என்று எழுதிவிட்டுப் போனார். முந்தின இரவு காய்ச்சலில் கிடந்த பிள்ளை அது. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அவருக்கு லேப்டாப்பில் தெரியவில்லை. ஐந்து துடிப்பு பேசுகிறார்கள்!

கணுக்கால்:
காய்ச்சல் கண்ட பிள்ளையை ஓடவிடக்கூடாது என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்தால் ஏன் சார் வரிசையில் நிற்கவைத்தீர்கள்? எங்கள் பாடத்தில் சோதனைக்கு முன் உடல்நிலைக் கேள்விகள் கேட்டுக் கையெழுத்து வாங்காமல் ஒருவரையும் ஓடவிட மாட்டோம். அவர் கேட்கவில்லை என்றால் அது அவர் மேல் தப்பு, படிப்பின் மேல் இல்லை. மேடம் சொன்னதும் அப்படித்தான், கயிறு தாண்டச்சொன்னவர் எங்கே படித்தார் என்று பார்த்தீர்களா? அப்புறம், வீக்கம் என்றதும் ஐஸ் வைத்து ஓய்வெடு என்பதை உங்கள் ஆட்கள் இன்னும் மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். 1978-ல் அந்த ஓய்வு-ஐஸ்-அழுத்தம்-உயர்த்தல் சூத்திரத்துக்குப் பெயர் வைத்த மிர்கின் என்ற மருத்துவரே பின்னாளில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதிவிட்டார்.

முட்டிவைத்தியர்:
அவர் எழுதியதை எங்களுக்கும் வாசிக்கத் தெரியும் தம்பி. வலி தாங்காமல் அழுகிறவனுக்கு முதல் நாள் ஐஸ் வைப்பது வலிக்காக. அதற்கும் கயிறு தாண்டவைப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, அதற்குத்தான் எங்களுக்குத் தனிப் படிப்பு.

விசில்மாஸ்டர்:
ஐஸ் வைத்தால், ஓடும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம் கரையும். அதனால்தான் மறுநாள் கால் வலிக்காது. இது அனுபவம்.

கணுக்கால்:
ஐயோ. சார், இதற்காகத்தான் மூன்று வருஷம். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இருக்கும் லாக்டேட், அதாவது நீங்கள் சொல்லும் அந்த லாக்டிக் அமிலம், ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடும், விரல் நுனியில் ஊசி குத்திக் குத்தி நானே அளந்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குக் கால் வலி உச்சத்தில் இருப்பது எப்போது? ஒரு நாள் கழித்து, சில சமயம் மூன்றாம் நாள். நேற்றே கிளம்பிப் போன விருந்தாளி இன்று எப்படிச் சண்டை போடுவார்? தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, அதாவது இறக்கத்தில் ஓடும்போது, நாரில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் அந்த வலி. லாக்டேட்டை இதயமே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது.

எண்கணக்கன்:
லாக்டிக் அமிலக் கதையைத் தொடங்கிவைத்ததே உங்கள் துறைதானே. தசையில் வெப்பம் உண்டாவதைக் கண்டதற்காக 1922-க்கான நோபல் வாங்கினாரே ஏ.வி. ஹில், அவர் காலத்து விளக்கம்தானே எல்லாம். இன்னொன்று, ஹில் கேம்பிரிட்ஜில் படித்தது கணிதம். உங்கள் துறையின் தாத்தாவே எங்கள் பக்கத்து ஆள்.

கணுக்கால்:
கணிதத்தில் தொடங்கி உடலியங்கியலுக்கு வந்தவர். வந்தார் என்பதுதான் செய்தி. வந்ததும் என்ன செய்தார்? முதுகில் காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் தானே சுற்றிச் சுற்றி ஓடி, மூச்சைச் சேர்த்து அளந்தார். ஆக்சிஜன் எடுப்பதற்கு ஓர் உச்சம் உண்டு என்ற கருத்து 1920-களில் அந்த ஓட்டத்திலிருந்து வந்தது. நீங்கள் கடைசியாக எப்போது ஓடினீர்கள்?

எண்கணக்கன்:
பதிவை அழித்துவிட்டு ஓடினேன் என்று நீங்களே சொன்னீர்களே.

சோம்பேறிச்சிங்கம்:
இன்றைய சிறந்த பதில்.

கணுக்கால்:
சிரியுங்கள். இது விசில் ஊதுகிறவர்களுக்கான படிப்பு என்று நினைப்பதால்தான் இந்தச் சிரிப்பு. 1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாடிப் பேருந்துகளில் பார்த்தது என்ன? நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது அந்தப் படிக்கட்டிலிருந்து. இதய நோயாளிகளை மெதுவாக நடக்கவைத்துத் தேற்றும் பிரிவில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், என் வகுப்புத் தோழி அங்கேதான் வேலை செய்கிறாள்.

எண்கணக்கன்:
அதே மோரிஸ் 1956-ல் சீருடை அளவுகளையும் பார்த்தார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு, வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. படிக்கட்டு காப்பாற்றியதா, ஏற்கெனவே ஒல்லியானவர்கள் நடத்துநர் ஆனார்களா?

கணுக்கால்:
அதையும் தேடிப்போய் வெளியிட்டவர் அவரேதான். இதற்குப் பெயர்தான் அறிவியல். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள், வேறு வேறு வேலைகளில், வேறு வேறு மனிதர்களிடம் வந்து உடல் உழைப்பு பக்கமே சாய்ந்துவிட்டன. நீங்கள் 1956-ல் இறங்கிவிட்டீர்கள்.

புதுமுகம்:
புள்ளியியல் பற்றி யாராவது...

விசில்மாஸ்டர்:
எல்லோரும் வாயால் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இன்று காலை காலால் ஓடினேன். நன்றாக உடம்பைச் சூடாக்கிவிட்டு மேட்டில் மூன்று முறை, கடைசி முறை நாக்கு வெளியே தள்ளும்வரை. கடிகாரத்தில் பார்த்தேன். 171.

எண்கணக்கன்:
162-ம் இல்லை, 167-ம் இல்லை. 18,712 பேரும் காலி.

கணுக்கால்:
முதல் பக்கத்திலிருந்து நான் கதறுவது இதைத்தானே! ஆளுக்கு ஆள் மாறும், அளந்துதான் பார்க்க வேண்டும் என்றேன், அளந்துவிட்டு வந்து என்னையே தோற்கடித்ததாகச் சொல்கிறீர்கள். போகட்டும், எதில் அளந்தீர்கள்? மார்பில் கட்டும் பட்டையா, மணிக்கட்டுக் கடிகாரமா?

விசில்மாஸ்டர்:
மணிக்கட்டு.

கணுக்கால்:
முடிந்தது. கையை வீசி மேட்டில் ஓடும்போது மணிக்கட்டுக் கடிகாரம் துடிப்புக்குப் பதில் காலடித் தாளத்தை எண்ணிவிட வாய்ப்பு உண்டு. உங்கள் ஓட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை காலடி? 170 பக்கம் இருக்குமே?

விசில்மாஸ்டர்:
என் துடிப்பு எனக்குத் தெரியாதா? உங்கள் கணக்குக்கு வந்தால் இதயம், வராவிட்டால் காலடியா?

முட்டிவைத்தியர்:
58 வயதில், பக்கத்தில் ஆள் இல்லாமல், மருத்துவரிடம் காட்டாமல், நாக்குத் தள்ளும்வரை மேட்டில் ஓடியிருக்கிறீர்கள். இந்த இழையில் ஒருவருக்காவது அது உறைக்கிறதா?

விசில்மாஸ்டர்:
உறைக்கிறது மேடம், நன்றி. ஆனால் 171. நாளை மார்புப் பட்டை கட்டிக்கொண்டு மறுபடி ஓடுகிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

கணுக்கால்:
பட்டையை முதலில் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள், காய்ந்திருந்தால் அதுவும் பொய் சொல்லும். அதையும் மூன்று வருஷத்தில்தான் சொல்லித்தந்தார்கள்.

எண்கணக்கன்:
பட்டை வாங்கும் பெட்டியிலேயே அது அச்சிட்டிருக்கிறது.