ரவுண்ட்(2.5) விடை 3 இல்லையா? வகுப்பு வினாடி வினாவில் சண்டை

அரைப்புள்ளி:
தேர்வுக்கு முன் பைத்தான் நிரல்மொழிப் பாடத்தைத் திருப்பிப் பார்க்க, வகுப்பை ஐந்து அணியாகப் பிரித்து வினாடி வினா நடத்தினேன். முதலில் மணி அடிக்கும் அணிக்கு வாய்ப்பு. ‘ரவுண்ட்(2.5) என்ன வரும்?’ என்ற கேள்விக்கு (ரவுண்ட் என்பது எண்ணைப் பக்கத்து முழு எண்ணாக்கும் கட்டளை) என் அட்டையில் விடை 3. ஒரு மாணவி கணினியில் ஓட்டிக் காட்டினாள், 2 வந்தது! ரவுண்ட்(3.5) போட்டால் 4. இது என்ன கணக்கு?

இன்னொரு தலைவலி: பத்தாவது கேள்விக்குள் ஒரே அணி புள்ளியில் எங்கோ முன்னே போய்விட்டது. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

முடிவிலாச்சுழல்:
கேள்வி கேட்டு ஐந்து விநாடி கழித்து மணி அடிக்கச் சொல்லுங்கள்.

அரைப்புள்ளி:
அதையும் பார்த்தாச்சு. ஐந்து விநாடி கழித்தும் அதே கைதான் மணி மேல்.

பூச்சியத்திலிருந்து:
2 சரிதான். பைத்தான் 3-இல், சரிபாதியில் நிற்கும் எண் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். பைத்தான் 2-இல் 3.0 வரும், உங்கள் அட்டை அந்தக் காலத்ததோ என்னவோ. பாதியை எப்போதும் மேலேயே ஏற்றினால், நிறைய எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. -7 // 2 (வகுத்து, முழு எண்ணாகக் கீழே இறக்குவது) கேள்வி வைத்திருந்தால் அதையும் பாருங்கள்: பைத்தானில் -4, ஆனால் சி மொழியில் -7 / 2 என்றால் -3. கேள்வியிலேயே மொழியையும் பதிப்பையும் எழுதிவிடுங்கள்.

மணியைத் தூக்கிப் போடுங்கள், அது கை வேகத்துக்கான போட்டி. எல்லா அணியும் தாளில் எழுதி ஒன்றாகத் தூக்கிக் காட்டட்டும். சரியாக எழுதிய எல்லோருக்கும் புள்ளி. எழுதியவர் ஒருவர், காரணம் சொல்பவர் இன்னொருவர். அப்புறம் ‘மாறி என்றால் என்ன’ வகைக் கேள்வி வேண்டாம், மனப்பாடம் செய்தவன் ஒப்பித்துவிடுவான். நாலு வரி நிரல் கொடுத்து என்ன அச்சாகும் என்று கேளுங்கள். ரேஞ்ச்(1, 5), அதாவது 1-இல் தொடங்கி 5-க்கு முன் நிற்கும் எண் வரிசை, வைத்த சுழல் எத்தனை முறை சுற்றும் என்று ஒன்று வையுங்கள், வேடிக்கையைப் பாருங்கள்.

அரைப்புள்ளி:
இன்று நடத்தினேன். ரேஞ்சுக்கு மூன்று அணி 5 என்று எழுதின, அந்த முன்னணி அணி உட்பட! நான்கு முறைதான் என்று காரணத்தோடு சொன்னது, போன தடவை வாயே திறக்காத பையன். ரவுண்ட் புள்ளியை அந்த மாணவியின் அணிக்கே கொடுத்துவிட்டேன். கடைசியாக 0.1 + 0.2 == 0.3 (இரண்டு பக்கமும் சமமா?) கேட்டுத் தொலைத்தேன். ஐந்து தாளிலும் ட்ரூ (சமம்), திரையில் ஃபால்ஸ் (சமமில்லை). பாக்கிக் கேள்விகள் நாளைக்கு.