அம்மாவின் கீமோ நாட்களில் நாங்கள் பார்த்த வைத்தியர்கள்

புற்றுநோய் வந்தவருக்குச் சேராங்கொட்டை நெய் (சேராங்கொட்டை என்ற மரக்கொட்டையைக் காய்ச்சிச் செய்யும் நாட்டு மருந்து) கொடுக்கலாமா என்று இங்கே ஒரு சகோதரி கேட்டிருந்தார். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது வேலூர்ப் பக்கம் நாங்கள் பார்த்த வைத்தியர்கள் சொன்னதை எழுதுகிறேன்.

கீமோ தொடங்கியதுமே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விலாசம் கொடுத்தார்கள். மாமா எங்களை ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பரம்பரை வைத்தியரிடம் அழைத்துப் போனார். நாடி பிடித்துப் பார்த்தார், அன்பாகப் பேசினார், காசும் அதிகம் கேட்கவில்லை. ஆனால் ரிப்போர்ட் கவரைக் கையில்கூட வாங்கவில்லை. "கத்தி பட்டா பரவிடும்மா. ஊசியை நிறுத்திட்டு வாங்க, மூணு மண்டலத்துல கரைச்சிடலாம்" என்றார். எத்தனை பேருக்குக் கரைந்தது என்று மாமாவே கேட்டுவிட்டார். குணமானவர்கள் தட்டில் பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதையெல்லாம் சொன்னார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. வந்தவர்களின் பெயரைக் குறித்துவைக்க ஒரு நோட்டுகூட அங்கே கிடையாது.

அப்புறம் டவுனில் பி.எஸ்.எம்.எஸ். படித்த ஒரு சித்த மருத்துவரைப் பார்த்தோம். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே கீமோ சீட்டைத்தான். ரத்தத்தில் வெள்ளணு எவ்வளவு, கல்லீரல் டெஸ்ட் எப்போது எடுத்தது என்று விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். புற்றுநோய்க்குச் சொல்லப்படும் ரசகந்தி மெழுகு என்ற சித்த மருந்து பற்றிக் கேட்டேன். "அதுல பாதரசம் இருக்கு, கந்தகம் இருக்கு, சேராங்கொட்டையும் இருக்கு. கீமோ ஓடுறப்போ இதையும் கொடுத்தா, நாளைக்கு கல்லீரல் கெட்டுப்போனா எதனாலன்னு யாரு சொல்றது? இப்ப வேணாம்" என்றார். வாய்ப்புண்ணுக்குத் திரிபலாக் கசாயத்தால் கொப்பளித்துத் துப்பச் சொன்னார், அதையும் புற்றுநோய் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். வெள்ளணு குறைந்திருக்கும்போது அருகம்புல் சாறு மாதிரி பச்சைச் சாறு எதுவும் வேண்டாம், கிருமி தொற்றிவிடும். பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்தவே கூடாது, எடை இறங்கினால் அடுத்த கீமோ தள்ளிப்போகும். இவ்வளவும் சித்த மருத்துவர் வாயால் கேட்டது.

ஆராய்ச்சி பற்றிப் பேச்சு வந்தபோது அவருக்கு ஆதங்கம் இருந்தது. "எல்லாருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவுன்னு கொடுத்துப் பார்க்கறது எங்க முறையே இல்லீங்க. உடல்வாகு பார்த்து மாத்துவோம். அதை எப்படி அளப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் வழி இருக்கிறது என்றே நினைக்கிறேன். வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் நடக்கட்டும்; குலுக்கிப் போட்டு எடுத்த பாதிப் பேருக்கு மட்டும் சித்த மருத்துவர் அவரவர் உடலுக்கேற்பக் கூடுதலாக மருந்து கொடுக்கட்டும்; இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் தேறினார்கள் என்று சில வருடம் தொடர்ந்து எண்ணட்டும். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் வந்தது, 1960களிலிருந்து புற்றுநோய் மருந்தாக இருக்கிறது. சீன வைத்தியத்தில் இருந்த பாஷாணம் (ஆர்செனிக்) இன்று ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. இரண்டும் அளவு கண்டு, சோதித்து வந்தவை. அதற்காக நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்.

ஊசியை நிறுத்தச் சொல்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பரவாத நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று காட்டியது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். புற்றுநோயைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இருந்தும் சுவரில் போஸ்டர் குறையவில்லை.

சகோதரி, சேராங்கொட்டைப் பால் தோலில் பட்டாலே கொப்புளம் போடும். அதன் நஞ்சை நீக்கிச் சுத்தம் செய்யத் தெரியாதவர் காய்ச்சிய நெய்யை நம்ப முடியாது. கொடுக்கும் முன் அந்த பாட்டிலை அடுத்த ஓ.பி.க்கு எடுத்துப் போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்க வேண்டாம்.