யூசபிலிட்டிக்குத் தமிழ்ச்சொல்: திங்கட்கிழமைக்குள் தேவை

தக்கலையிலிருந்து, கணினி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். இணையத்தள வடிவமைப்பு வகுப்புக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். திங்கட்கிழமை காலை அதை நகலெடுத்துக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது; ஒரு தளம் அதைப் பயன்படுத்துவோருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைக் குறிக்கும் ‘யூசபிலிட்டி’ என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நிற்கிறேன்.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். தோவாளைப் பூச்சந்தையின் அன்றாட விலையைக் காட்டும் தளம் ஒன்றை ஒரு மாணவி பயிற்சிக்காக வடிவமைத்தாள். முகப்பு முழுக்கப் பிச்சிப்பூக் குவியலின் படம். அதன்மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் விலை. வகுப்பே கைதட்டியது. வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த தன் அம்மாவிடம் அவள் கைப்பேசியைக் கொடுத்திருக்கிறாள். அவர் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “வெலய எங்க மக்களே போட்டிருக்க?” என்று கேட்டாராம். பிறகு ஈரவிரலால் ‘முழம்’ என்ற பொத்தானைத் தொட, அதை ஒட்டியிருந்த ‘கிலோ’ திறந்துகொண்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுக்க வழிகாட்டுதல்கள் 2008 முதல் சொல்லி வருவதை நான் கற்பித்திருக்கிறேன். ஆனால் அந்தத் தளத்தில் இல்லாமல் போன பண்பு இன்னதென்று ஒரே சொல்லில் சொல்ல என்னால் இயலவில்லை. ‘பயனர் நட்பு’ வேண்டாம். அது ஆங்கிலத்தின் நிழல்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அம்மா, ‘பயனர் நட்பு’ என்பதை நீங்கள் விலக்கியது சரியே. வள்ளுவர் கண்டித்த ‘முகநக நட்பது’ அந்த முகப்புப் பக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

சொல்லை நாம் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. ‘எண்பதத்தால் எய்தல் எளிதென்ப’ என்பது 991ஆம் குறள். முறைசெய்யாத மன்னனைப் பற்றிய 548ஆம் குறளும் ‘எண்பதத்தான்’ என்றே தொடங்குகிறது. எண்மை என்றால் எளிமை, பதம் என்றால் செவ்வி. யாரும் எளிதில் அணுகத்தக்க நிலையே எண்பதம். குறை சொல்ல வந்த குடிமகன் அரசனை அணுகுவதற்கும், விலை பார்க்க வந்த பெண் ஒரு பக்கத்தை அணுகுவதற்கும் அடிப்படையில் வேறுபாடு என்ன இருக்கிறது? ஐந்தே எழுத்து. எண்பதம் என்றே எழுதுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து, தள வடிவமைப்பாளர்

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அலுவலகத்தில் மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் எண்பது என்று படித்தார், மற்ற இருவரும் ‘டிஜிட்டல் சொல்லா?’ என்று கேட்டார்கள். கணினித் துறையில் எண் என்ற முன்னொட்டு ஏற்கெனவே டிஜிட்டலுக்குப் போய்விட்டது. எளிமையைக் குறிக்கும் சொல்லையே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தால், அந்தச் சொல் தன் பொருளுக்கே முரணாகிவிடும்.

நம் வீடுகளில் எளிது என்ற பொருளில் நாள்தோறும் பேசும் ‘எளுப்பம்’ இருக்கும்போது நாம் ஏன் அலைகிறோம்? அந்த அம்மாவிடம் ‘இந்தத் தளம் எளுப்பமாக இருக்கிறதா?’ என்று கேட்டால் உடனே பதில் வரும்.

நாகர்கோவிலிலிருந்து, பேராசிரியர்

எளுப்பம் மலையாள வழக்கு என்று சிலர் எழுவார்கள். அதை நானே மறுத்துவிடுகிறேன். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தபோது, சொற்களை யாரும் எல்லையில் இறக்கிவிட்டு வரவில்லை. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடம் தந்திருக்கிறார்.

எனினும் கலைச்சொல்லுக்குச் செவ்விய வடிவம் வேண்டும். நுண் என்பதிலிருந்து நுட்பம், திண் என்பதிலிருந்து திட்பம், ஒள் என்பதிலிருந்து ஒட்பம் வந்தன. அம்முறைப்படி எள் என்ற அடியிலிருந்து ‘எட்பம்’ வரும். எண்பதம் கடினம் என்றால் எட்பத்தை ஏற்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து

ஐயா, எள்ளுதல் என்றால் இகழ்தலும் ஆகும். எட்பம் என்று எழுதினால் மாணவர்கள் எங்களைத்தான் எள்ளுவார்கள்.

குளச்சலிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

இரண்டு நாளாக எல்லோரும் எளிமையையே சுற்றி வருகிறீர்கள். யூசபிலிட்டி என்பது எளிமை மட்டும் அன்று. 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை அதை மூன்றாகப் பார்க்கிறது. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட சூழலில், தாம் எண்ணிவந்த காரியத்தை முடிக்க முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின, முடித்தபின் மனநிறைவு இருந்ததா என்பவையே அவை. பொத்தானே இல்லாமல் ஒரு பூப்படம் மட்டும் உள்ள பக்கம் மிக எளிமையானது. ஆனால் அதனால் விலை தெரியாது. எனவே எண்பதம், எளுப்பம், எட்பம் மூன்றுமே பாதிப் பொருளைத்தான் தருகின்றன. ‘பயன்படுதன்மை’ என்பதே என் பரிந்துரை. அதில் அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பேராசிரியர் ஐயாவுக்கு ஒன்று: யாரும் அணுகத்தக்க நிலை என்று நீங்கள் சொன்னது உண்மையில் ‘ஆக்சஸிபிலிட்டி’. எண்பதத்தை அதற்கு எடுத்து வைத்துக்கொள்ளலாமே?

தக்கலையிலிருந்து, ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இன்று ஞாயிறு மாலை. நகலகம் ஏழு மணிக்கு மூடிவிடும். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்ததில், ‘பயன்பாட்டெளிமை’ என்று ஐவரும், பயன்படுதன்மை என்று மூவரும், எளுப்பம் என்று இருவரும் சொல்லியிருக்கிறார்கள். குளச்சல் நண்பரின் வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இருந்தும் பயன்பாட்டெளிமை என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். மூன்று கூறுகளையும் அதன் கீழே விளக்கிவிட்டேன். வகுப்பில் வாய்ப்பேச்சாக எளுப்பம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து

அம்மா, பாடக்குறிப்பின் இணையப் பதிப்பைக் கைப்பேசியில் பார்த்தேன். தலைப்பில் ‘பயன்பாட்டெளி’ ஒரு வரியிலும் ‘மை’ அடுத்த வரியிலும் நிற்கின்றன. எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்துவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து, பேராசிரியர்

எண்பதம் ஒரே வரியில் அடங்கியிருக்கும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.