குரூப் 4 படிக்கிற அம்மாக்களே, ஒரு வழி சொல்லுங்க

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கேன். பெரியவ மூணாவது படிக்கிறா, சின்னவனுக்கு ரெண்டரை வயசு. அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சை எழுதணும். 200 கேள்வியில 100 தமிழ், அந்த நூறுக்கு 150 மார்க். அதுல 60 மார்க் வரலைன்னா மீதியைத் திருத்தவே மாட்டாங்க. தமிழ் ஓடிடும், கணக்குதான் உதைக்குது. விடியக்காலை நாலு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தா, பாயில என்னைத் தடவிப் பார்த்துட்டு சின்னவனும் எழுந்து வந்துடறான். நேத்து தனிவட்டி கணக்கு மேல அவனோட இட்லி மாவு விரல் அஞ்சும் பதிஞ்சிருக்கு. அத்தை பார்த்துக்கறேன்னுதான் சொல்றாங்க (பாவம், மூட்டுவலியோட எவ்ளோ ஓடுவாங்க). வீட்டுக்காரருக்கு நெய்வேலில ஷிஃப்ட். மஞ்சக்குப்பம் பக்கம் காலையில 10லேர்ந்து 1 வரை குழந்தையை நம்பி விட இடம் இருக்கா? இல்லைன்னா, சேர்ந்து படிக்க யாராவது வர்றீங்களா? பிள்ளைங்களை மாத்தி மாத்திப் பார்த்துக்கலாம். கணக்கு சொல்லிக் குடுத்தா, நான் இலக்கணம் சொல்லித் தரேன்.