அடிவாரத்து ஒற்றையடிப் பாதைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்க்கலாமா, வேண்டாமா?

கோரிமேடு வாசி:
ஏற்காடு அடிவாரத்திலிருந்து காப்புக்காட்டு ஓரமாக மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். போன ஞாயிறு நானும் என் தங்கையும் முதல் அரை கிலோமீட்டரில் மட்டும் மூன்று சாக்கு நிறைய பாட்டில் பொறுக்கினோம். சுனைக்குப் பக்கத்துப் பாறையில் பாட்டிலை அடித்தே உடைத்திருக்கிறார்கள். விரலில் எடுக்க வராத பொடிச் சில்லு. ஈரத்துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். மேல் ஊர்ப் பிள்ளைகள் செருப்பில்லாமல் இறங்குகிற இடம் அது.

மாதம் இரண்டு ஞாயிறு, ஐம்பது பேர் போகலாம் என்று நினைக்கிறேன். குப்பை எடுப்போம், காடெங்கும் புதராகப் பரவுகிற உண்ணிச்செடியை (லாண்டானா) வெட்டிப் பாதையை அகலப்படுத்துவோம், வழி தெரியப் பாறைகளில் அம்புக்குறி போடுவோம், மழைக்கு முன்னால் ஐந்நூறு மரக்கன்று நடுவோம். யார் யார் வருகிறீர்கள்?

ஐந்து ரோடு:
நான் வருகிறேன், கூட நாலு பேரைக் கூட்டி வருகிறேன். நம் சேலத்தில் இது நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். மூக்கனேரி எப்படிக் கிடந்தது? 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவை அடைகிறது.

மேலூர்க்காரன்:
நான் மலைமேல் ஊர். அந்தப் பாதையில்தான் என் அம்மா பலாவும் கொய்யாவும் தலையில் சுமந்து கீழே சந்தைக்கு வந்தார்கள். நீங்கள் நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குப்பை எடுப்பதைத் தவிர, நீங்கள் சொன்ன எல்லாமே எங்களுக்குக் கெடுதல்.

பாதையை அகலமாக்கினால் பைக் ஏறும். பைக் ஏறினால் பாட்டில் இன்னும் மேலே வரும். வேறொரு கிளைப்பாதையில் சில வருஷம் முன்பு யாரோ வெள்ளை பெயின்டில் அம்பு போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த பங்குனியில் அதே வழியாக ஏறின ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டு, அடுப்பை அணைக்காமல் இறங்கிவிட்டார்கள். ராத்திரி முழுக்க நாங்கள் தழைக்கொத்தால் அடித்து அணைத்தோம். என் சித்தப்பாவின் முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தூருக்குக் கீழே, வேர் பிரிகிற இடத்தில் கொத்திப் பெயர்த்துத் தலைகீழாகப் போட வேண்டும். அதுவும் காய் பழுக்கும் முன்னே. பழம் விழுந்த பிறகு இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் நீங்களே விதைத்த மாதிரி.

அப்புறம் மரக்கன்று. அந்தச் சரிவு புல்சரிவு. போதைப்புல் வளர்கிற இடம், ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக் கூரைக்கு அங்கிருந்துதான் அறுத்தோம். காட்டெருமை மேய்வதும் அங்கேதான். வெறும் புல்தானே என்று குழி தோண்டாதீர்கள். சித்திரை வெயிலில் ஐந்நூறு கன்றுக்கு யார் தண்ணீர் சுமப்பது?

செவ்வாய்ப்பேட்டை:
நான் வேறு காரணத்துக்காக எதிர்க்கிறேன். காட்டைப் பார்த்துக்கொள்ளத் துறை இருக்கிறது, அதற்குச் சம்பளமும் இருக்கிறது. தீ பரவாமல் தடுக்கும் தீக்கோடு வெட்ட, களை பிடுங்கக் கோடைக்கு முன்னால் மலை ஊர் ஆட்களைக் கூலிக்கு எடுக்கிறார்கள். பலருக்கு அந்த மாதங்களில் கையில் காசு வருவதே அதில்தான். நகரத்திலிருந்து ஐம்பது பேர் போய் அதை இலவசமாகச் செய்தால், அடுத்த வருஷம் அந்தக் கூலியை ஒதுக்குவார்களா? சேவை என்ற பெயரில் ஒரு வீட்டு அடுப்பில் கை வைக்கிறோம்.

ஐந்து ரோடு:
அண்ணா, துறை வரும் வரும் என்று காத்திருந்தால் அந்தச் சில்லு யார் காலில் ஏறும்? மூக்கனேரிக்கு யாராவது கூலி கேட்டார்களா?

செவ்வாய்ப்பேட்டை:
தம்பி, மூக்கனேரி ஊருக்குள் இருக்கிற ஏரி. பக்கத்திலேயே வீடு, தினமும் பார்க்க ஆள் உண்டு. தூர்வார இயந்திரம் இறங்கியது, அதற்குப் பணம் திரட்டினார்கள். மலைச்சரிவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருப்பவர்கள் நாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

பழைய வாட்சர்:
காட்டு வேலையில் பல வருஷம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். முதலில் சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கத்தி எடுத்து ஒரு செடியை வெட்டினாலும் வழக்குதான், நல்ல எண்ணம் என்று சொன்னால் எடுபடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் தீயில் சிக்கி இறந்ததை மறந்துவிட்டோமா? அதற்குப் பிறகு அதே வருஷம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்தது. அதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். வழி காட்டப் பெயின்ட் தேவையில்லை, ஆள் இருந்தால் போதும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் செவ்வாய்ப்பேட்டை ஐயா சொல்வதை முழுசாக ஏற்க மாட்டேன். ஒரு பீட்டில், அதாவது காவலுக்காகப் பிரித்த ஒரு காட்டுப் பகுதியில், இருக்கிற ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். பாட்டில் பொறுக்க அவர்களை அனுப்பினால் தீயை யார் பார்ப்பார்கள்? வெயில் காலத்தில் காய்ந்த சருகு மேல் ஒரு பீடித்துண்டு போதும். உங்கள் ஐம்பது பேர் மலை ஏறவே வேண்டாம். மாசியிலிருந்து சித்திரை வரை, ஞாயிறு காலையில் அடிவாரத்தில் நாலு பேர் நின்று, போகிறவர்களிடம் தீப்பெட்டியையும் பாட்டிலையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னாலே போதும். வனத்துறை ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சண்டையாகிவிடும்.

கோரிமேடு வாசி:
மேலூர் அண்ணா, அம்புக்குறியையும் மரக்கன்றையும் விட்டுவிடுகிறேன். புல்சரிவு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பச்சையாக மரம் இல்லையென்றால் காடு அழிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாம் யாரும் போகாவிட்டால் அந்தப் பாதை குடிக்கிறவர்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடும். நான் நடக்கிற இடத்தைச் சுத்தம் செய்ய எனக்குக் கூலி தேவையில்லை, உரிமை இருக்கிறது.

மேலூர்க்காரன்:
உரிமை இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. சரி, எங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய ஒரு வேலை சொல்கிறேன். மூன்றாவது வளைவில் பாதை ஓடையாகிவிட்டது. வளைவைச் சுற்றாமல் நேராகக் குறுக்கே இறங்குகிறார்கள், அந்தத் தடத்தில் மழைத்தண்ணீர் பாய்ந்து முட்டியளவு பள்ளம். என் தாத்தா காலத்தில் பத்தடிக்கு ஒரு கல்லைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதிப்பார்கள், தண்ணீர் பாதையை விட்டு ஓரமாக வழிந்துவிடும். இப்போது அதைச் செய்ய ஆள் இல்லை, பையன்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். கல் அங்கேயே கிடக்கிறது. குறுக்குத்தடத்தில் முள் போட்டு அடைத்துவிட்டு, வளைவில் கல் பதிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் போதும். ஐம்பது பேர் வந்தால் ஐம்பது பேரும் மிதித்தே இன்னொரு தடம் விழும்.

செவ்வாய்ப்பேட்டை:
கல் பதிப்பதற்கு வழி தெரிந்தவர் நீங்கள். உங்களுக்கும் கூட வருகிறவர்களுக்கும் அன்றைய கூலியை நாங்கள் தர வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்டால் என் எதிர்ப்பு பாதி குறையும். உண்ணிச்செடி பிடுங்குவதைக் கூலி வேலையாகத் துறைதான் செய்ய வேண்டும், அதில் மாற்றமில்லை.

மேலூர்க்காரன்:
எனக்கு வேண்டாம். கூட வருகிற இரண்டு பெரியவர்களுக்குக் கொடுங்கள்.

கோரிமேடு வாசி:
தருகிறோம். உண்ணிச்செடி விஷயத்தைப் பிறகு பேசுவோம், நான் இன்னும் சம்மதிக்கவில்லை. வாட்சர் ஐயா, மனு எழுதுகிற விதம் சொல்லுங்கள், திங்கட்கிழமை வன அலுவலகத்துக்கு நானே எடுத்துப் போகிறேன். கையில் அனுமதி வந்த பிறகுதான் தேதி சொல்வேன். வருகிறவர்கள் தடித்த கையுறையும் சாக்கும் கொண்டு வந்தால் போதும்.

ஐந்து ரோடு:
கடப்பாரை என்னிடம் இரண்டு இருக்கிறது.

மேலூர்க்காரன்:
கடப்பாரை போதாது தம்பி, மண்வெட்டியும் எடுத்து வா. ஆறு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் நில்லுங்கள். ஒன்பதுக்கு மேல் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது.